ஆத்தோரத் தோட்டத்தில் கேட்ட கட்டியக்காரர் கதை

கொழும்பிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் சின்ன ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த சிங்களத்து அம்மாள், என் மடியிலிருந்த பிள்ளையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள். பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது தெரிகிறதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் தாமாகவே விளக்கினார்.

"வேற ஒண்ணுமில்ல தங்கச்சி. இந்த மழைக்குள்ள கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு ரப்பர் காட்டுக்குப் போறாளே, இவளுக்குத் தாய் இல்லையான்னு கேக்குறாங்க."

எனக்குத் தாய் இருந்தாள். அவள் அனுப்பித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

லண்டனில் பழைய ராஜா காலமாகிப் புதிய ராஜா பட்டத்துக்கு வந்த 1910-ஆம் வருஷத்து வைகாசி அது. என் தம்பி தாவீது அதற்கு முந்தின வருஷம் படிப்பை விட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல், ஆள் சேர்க்கிறவன் ஒருவன் பேச்சைக் கேட்டு இலங்கைக்குக் கப்பலேறிவிட்டான். வயது பத்தொன்பது. சித்திரை மாதம் எங்கள் சபைப் போதகர் வீட்டுக்கு வந்து, சப்ரகமுவவில் ஆத்தோரத் தோட்டம் என்ற இடத்தில் அவன் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனதாகத் தகவல் வந்திருக்கிறது என்றார். அம்மா அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "யாராவது பெத்தவ மாதிரி முகத்தைப் பார்த்து, இது அவன்தான்னு சொன்னாங்களா?" போதகர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா கஞ்சித் தண்ணீரைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

"நீ இங்கிலீஷ் படிச்சவ. போய் அந்தத் தோட்டத்துத் துரைட்ட நேருக்கு நேர் கேளு. அவன்தான்னா நான் அழுதுட்டுப் போறேன்" என்றாள்.

பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது, கொண்டுபோகவும் பயம். கப்பலில் ஏறின பிறகும் இறங்கிவிடலாமா என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "கடல்ல எங்கே இறங்குவே?" என்றார் அவர். தோட்டங்களின் பேரையும் ஆட்களின் பேரையும் மாற்றியே எழுதுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

அவிசாவளையில் இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் தூத்துக்குடியில் மழை வந்தால் தெருவுக்கு வந்து வேடிக்கை பார்ப்போம். அங்கே மழை நின்றால்தான் வெளியே வந்து வானத்தைப் பார்க்கிறார்கள். அந்த வியாபாரியே எங்களைத் தமக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். தேங்காய் போட்டுத் தட்டின ரொட்டியும், உதடு எரியும் சம்பலும், பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணீரும், கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கொடுத்தார்கள். நம் பனங்கருப்பட்டியைவிட அது மிருது, புகை வாசம் வேறு. என் வீட்டுக்காரர் இரண்டு ரொட்டி தின்றுவிட்டு, "சாவு விசாரிக்கப் போற எடத்துல பசிக்குது பாரு" என்று தம்மையே திட்டிக்கொண்டார். நான் பிள்ளைக்கென்று தண்ணீரைக் கொதிக்கவைத்துத் தரச் சொன்னேன். கடைக்காரர் கொதிக்கவைத்துத் தந்தார். உண்மையிலேயே கொதித்ததா என்று மறுபடி கேட்டேன். "தங்கச்சி, அடுப்ப வேணும்னா வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன்.

அங்கிருந்து மாட்டுவண்டி. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு மண் நிறத்தில் ஓடியது. பாதி வழியில் ஒரு சக்கரம் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட, எல்லாரும் இறங்கித் தள்ளினோம். சிங்கள வண்டிக்காரன் மாட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டே தள்ளினான். அவன் மாட்டிடம் சொன்னதைக் கூட வந்த ஒருவர் தமிழில் சொன்னார்: "நானும்தான் சம்சாரி, நானும்தான் நனையிறேன், நீ மட்டும் என்ன துரையா?" சிரித்துக்கொண்டே வண்டியேறிப் பிள்ளையின் சால்வையைப் பிரித்தால், குதிகாலில் கறுப்பாக ஒரு அட்டை விரல் நீளத்துக்குத் தொங்கியது. நான் கத்தின கத்தலில் மாடு மிரண்டது. உப்பு வைத்து எடுத்தார்கள். சொட்டு ரத்தம்தான். ஆனாலும் அன்று முழுவதும், இறந்துபோன ஒருவனுக்காக உயிரோடிருக்கிற பிள்ளையை இப்படிக் கொண்டுவந்தது சரிதானா என்ற கேள்வி என்னை விடவில்லை.

ஆத்தோரத் தோட்டத்துத் துரை அறுபது வயதுக்காரர், தனிக்கட்டை. வெளியார் தோட்டத்துக்குள் தங்க அவர் உத்தரவு வேண்டும். பங்களாத் தாழ்வாரத்தில் நின்று நான் வந்த காரணத்தை இங்கிலீஷில் சொன்னதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உனக்கு எழுதவும் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். தம்பியைப் பற்றிப் பிறகு விசாரிக்கலாம், அதுவரை மருந்துக்காரர் வீட்டுப் பின்னறையில் தங்குங்கள், எனக்கும் உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும் என்றார்.

மறுநாள் காலை புதைத்த இடத்தைப் பார்க்கப் போனோம். ரப்பர் நடாத ஒரு சரிவு. வரிசையாக மண்மேடுகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் எண் போட்ட ஒரு முளைக்குச்சி. புல் முளைக்காத மேடுகளே அதிகம். குழி வெட்டினவர் ஒரு மேட்டைக் காட்டினார். என் வீட்டுக்காரர் தச்சுக்கூடத்தில் கேட்டு வாங்கிக் கீலால் 'தாவீது' என்று எழுதிய மரச் சிலுவையை அதில் நட்டு ஜெபம் பண்ணினார். எனக்கு ஜெபம் வரவில்லை. குழி வெட்டினவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"எல்லாருக்கும் வர்றதுதாங்க. வயித்தால போய்ப்போய் ஆளு குச்சியா ஆயிருச்சு. நான்தாங்க தூக்குனேன். கனமே இல்ல. நல்ல புள்ள, பாட்டெல்லாம் பாடும். கையில தேளு பச்சை குத்தியிருந்துச்சு, அதைக் காட்டிச் சின்னப் புள்ளைங்கள வெரட்டும்."

"தேளா? எந்தக் கையில?"

"வலது கைங்க. காதுலகூடக் கடுக்கன் போட்ட தொளை இருந்துச்சுங்களே."

எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்குக் காது குத்துவதில்லை. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைத் தனியே அழைத்து, "வயசுப் பையன், சேர்ந்த கூட்டத்தோட பச்சையும் குத்தியிருப்பான், கடுக்கனும் போட்டிருப்பான். ஆசைப்படாதே. அப்புறம் ரெண்டாவது தரம் அழணும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஆசைப்பட்டேன். ஒரு மண்மேட்டின் முன்னால் நின்று, இதற்குள் இருப்பது இன்னொருத்தி பிள்ளையாக இருக்கட்டும் என்று வேண்டினேன். என்னை நானே என்ன சொல்ல?

ரப்பர்ப் பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கி வந்த பெண்கள் சிலர் சிலுவையைப் பார்த்து நின்றார்கள். அதில் ஒருத்தி மட்டும் போகவில்லை. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். மேலே பாதையிலிருந்து கங்காணி கூப்பிட்டான்.

"ஏய் பேச்சி! செத்தவன் ஒனக்கு மாமனா மச்சானா? என்ன அங்க அழுகை?"

"கண்ணுல தூசிங்க."

"கொட்டுற மழையில ஏதுடி தூசி?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிற்பகல் துரை கூப்பிட்டனுப்பினார். அவர் அண்ணன் லண்டனில் ராஜாவின் அரண்மனைக் காரியஸ்தர்களில் ஒருவராம். புதிய ராஜா பட்டத்துக்கு வந்தால் குதிரையேறிப் போய் நாற்சந்தியில் நின்று அதை ஊருக்கு அறிவிக்கிற உத்தியோகம். அதேபோல ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் முற்றத்தில், அறிவிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. அந்த உத்தியோகத்துக்குத் தமிழில் என்ன பேர் என்று கேட்டார்.

"கட்டியக்காரன்" என்றேன்.

பக்கத்தில் நின்ற பெரிய கங்காணிக்கு முகம் வாடிவிட்டது. "துரைகிட்ட சொல்லுங்கம்மா. கட்டியக்காரன்னா கூத்துல மொதல்ல வந்து குட்டிக்கரணம் போடுற கோமாளிங்க. எனக்குப் பேரப்புள்ளைங்க இருக்குங்க."

அவருக்கு அந்தக் கவலை இருக்க நியாயம் இருந்தது. சாக்குத் துணியில் ராஜாவின் சின்னமான சிங்கமும் யாழும் வரைந்து கையில்லாச் சட்டை போலத் தைத்து வைத்திருந்தார் துரை. அதைப் பெரிய கங்காணிதான் போட்டுக்கொள்ள வேண்டும். கோமாளிப் பேச்சை நான் துரையிடம் சொல்லவில்லை. ராஜாக்களுக்கு முன்னால் விருது சொல்லிப் போகிறவனுக்கும் அதே பேர்தான் என்று கங்காணியைச் சமாதானப்படுத்தினேன்.

நான் எழுத எழுதத் துரை பேசிக்கொண்டே இருந்தார். அந்த மலையில் அவரோடு பேச யாரும் இல்லை என்று தோன்றியது. அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன்.

ஆதியில் இந்தக் கட்டியக்காரர்கள் பந்தய மைதானங்களில் வீரர்களின் பேரைக் கூவினவர்கள்தானாம். கூவிக் கூவி, யாருடைய கேடயத்தில் என்ன சின்னம் என்பது அவர்களுக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அதனால் ராஜாக்கள் அவர்களைத் தூது அனுப்பினார்கள். சின்னம் போட்ட சட்டையோடு வருகிற கட்டியக்காரனை இரண்டு சேனையும் தொடக்கூடாது. அவர்களிலும் மேல் கீழ் உண்டு. எல்லாருக்கும் தலைவர் ஒருவர், அவருக்கு ராஜா என்றே பட்டம். கடைநிலையில் இருப்பவர்கள் ஒரு காலத்தில் அந்தச் சட்டையைக்கூட நேராகப் போட முடியாது, கைப்பக்கம் மாரிலும் முதுகிலும் வர, குறுக்காகத்தான் போட வேண்டும். பதவி ஏற்கும்போது கிண்ணத்துச் சாராயத்தைத் தலையில் ஊற்றிப் புதுப்பேர் சூட்டுவார்கள். ஒருவன் நீலப் போர்வை. ஒருவன் சிவப்பு நாகம். அதற்குப் பிறகு அரண்மனையில் அவன் பெற்றோர் வைத்த பேரை யாரும் கூப்பிடுவதில்லை.

"என் அண்ணனுக்கும் அப்படி ஒரு பேர்தான். கடிதத்தில் எந்தப் பேரைப் போடுவதென்று எனக்கே குழப்பம்" என்று சிரித்தார்.

"இப்போது அவர்களுக்கு ஊர்வலம் போவதுதான் வேலையா?"

"இப்போது ஊர்வலமும், யார் எந்தக் குடும்பம் என்று எழுதி வைப்பதும். அந்தக் காலத்தில் சண்டை முடிந்த மறுநாள்தான் அவர்களுக்குப் பெரிய வேலை. களத்தில் இறங்கிப் பிணங்களைப் புரட்டிப் பார்ப்பார்கள். முகம் சிதைந்திருக்கும். சட்டையிலுள்ள சின்னத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்வார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் இரண்டு பக்கமும் அழும்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். "இங்கே என் தம்பியை எப்படி அடையாளம் கண்டீர்கள்?"

அவர் என்னை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். "கழுத்தில் வில்லை இருந்ததே. எங்கள் தோட்டத்து எழுத்தும் அவன் எண்ணும் சரியாக இருந்தன."

கப்பல் ஏறி வருகிறவர்களுக்குக் கொழும்பு முகாமில் தகரத்தில் அடித்த ஒரு வில்லையை நூலில் கோத்துக் கழுத்தில் கட்டிவிடுகிறார்கள். எந்தத் தோட்டம், எந்த எண் என்பது அதில் இருக்கும். ஊரில் ஆள் சேர்க்கிறவன் கரையோடு நின்றுவிடுவான். அதற்கு மேல் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த வில்லைதான். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு முகம் தெரியாது, வில்லைதான் தெரியும்.

"உங்கள் கட்டியக்காரர்கள் தப்பாகச் சொன்னதே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு சண்டையில் அவர்களுக்குப் பெரிய சங்கடம். ராஜா தன் சின்னம் போட்ட சட்டையைத் தன் ஆட்கள் சிலருக்கும் போட்டுவிட்டு, எது ராஜா என்று தெரியாதபடி செய்துவிட்டார். எதிரிகள் ஒவ்வொருவனாகக் கொன்று, ராஜா செத்தான், ராஜா செத்தான் என்று கூவினார்கள். ராஜா உயிரோடு வேறு பக்கம் நின்றார்."

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். சட்டை மாறினதுபோல வில்லையும் கழுத்து மாறியிருந்தால் என்று நினைத்தேன். மீதி அறிவிப்பை எப்படி எழுதி முடித்தேனோ தெரியாது. அவரிடம் ஏன் அப்போதே கேட்கவில்லை என்று இன்றும் சில சமயம் யோசிப்பேன். ஏதோ ஒன்று, கேட்காதே என்று தடுத்தது. மழையில் கண்ணில் தூசி விழுந்தவளின் முகம் கண்ணெதிரே வந்தது.

மறுநாள் பிள்ளையின் துணிகளை அலசும் சாக்கில் ஓடைக்குப் போய்க் காத்திருந்தேன். பேச்சி ரப்பர்ப் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கழுவ வந்தாள். என்னைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"பேச்சி, தேள் பச்சை குத்தியிருந்தவன் உனக்கு யாரு?" என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். "எங்கண்ணன்க்கா. மாடசாமி."

"அப்போ என் தம்பி?"

"இருக்காருக்கா. கல்லுமலைத் தோட்டத்துல, எங்கண்ணன் பேருல இருக்காரு."

நடந்தது இதுதான். பேச்சி கல்யாணமாகி வந்து சில வருஷங்களாக ஆத்தோரத் தோட்டத்தில் இருக்கிறாள். அவளோடு இருக்கலாம் என்று கிளம்பி வந்த அண்ணனுக்கு முகாமில் கல்லுமலை வில்லையைக் கட்டிவிட்டார்கள். பக்கத்தில் படுத்திருந்த என் தம்பிக்கு ஆத்தோரத்து வில்லை. "எனக்கு எல்லா மலையும் ஒண்ணுதான்" என்று என் தம்பி கழற்றிக் கொடுத்தானாம். இரண்டு நூல்கள் கழுத்து மாறின. பெரட்டில் பேர் கூப்பிட்டால் அவன் பேருக்கு இவன் பதில் சொன்னான், இவன் பேருக்கு அவன்.

"சாகும்போதுகூட 'தாவீது'ன்னுதான் மருந்துக்காரரு கூப்பிட்டாரு. நான் பக்கத்து லயத்து வீட்டுக்காரி மாதிரி கஞ்சி கொண்டுபோய்க் குடுத்தேன். வாய்விட்டு அண்ணேன்னு சொல்லல. சொன்னா, பொய்ப் பேருல வந்தவன வச்சிருந்தேன்னு எம்புருசனயும் கோர்ட்டுக்கு இழுப்பாங்க. ஒங்க தம்பிக்கு நேரா ஜெயிலு."

"அந்தச் சிலுவையை எடுத்துவிடச் சொல்லட்டுமா? அவன் உங்க சாமி கும்பிட்டவன்."

"ஐயோ வேணாங்கா. எடுத்தா ஏன்னு கேப்பாங்க. இருந்துட்டுப் போகட்டும்." கொஞ்ச நேரம் சிரட்டையைத் தேய்த்தாள். "எங்கம்மாவுக்குத் தெரியாதுக்கா. காயிதம் எழுதணும்னா கணக்கப்பிள்ளைகிட்டதான் போவணும். எப்படிச் சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நடந்தது. பெரிய கங்காணி சாக்குச் சட்டையோடு முன்னால் நின்றார். மழை வந்ததும் சிங்கங்களின் சாயம் கரைந்து அவருடைய வெள்ளை வேட்டியில் சிவப்பாக வழிந்தது. சிரிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தும் பின்வரிசையில் யாரோ, "ராசாவுக்கு என்னமோ ஆயிருச்சுடோய்" என்றான். நான் எழுதிய தமிழைக் கணக்கப்பிள்ளை கத்தி வாசித்தார். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நனைந்தபடி விறைப்பாக நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர்தான். என் தம்பியின் விஷயத்தில் இனி தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் கேட்டபோது, கல்லறையைப் பார்த்துவிட்டோம், போதும் என்று பொய் சொன்னேன்.

கல்லுமலை, அரநாயக்கப் பக்கம் இன்னும் உயரத்தில் இருந்தது. ஒரு நாள் முழுக்க வண்டி, அப்புறம் நடை. வழியில் ஒரு வீட்டில் சுடுதண்ணீர் கேட்டதற்குப் பலாக்காயை அவித்துத் தேங்காய்ப்பூப் போட்டுக் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. பிள்ளைக்கு லேசாக உடம்பு சுட்டது. திரும்பிவிடலாம் என்றேன். கொஞ்சம் நடந்ததும் போகலாம் என்றேன். என் வீட்டுக்காரர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் முன்னே நடந்தார்.

தோட்டத்துக்குள் நாங்கள் நுழையவில்லை. வண்டிப்பாதையில் ரப்பர்ப் பாளக்கட்டுகளைத் தலையில் சுமந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அதில் அவன் வந்தான். தாடி வைத்து, கறுத்து, தோள் அகன்றிருந்தான். என் வீட்டுக்காரர் மெல்ல, "தாவீது" என்றார். அவன் காதில் விழுந்தது போலவே இல்லை, எங்களைக் கடந்துபோனான்.

"மாடசாமி!" என்றேன்.

நின்று திரும்பினான்.

கட்டை இறக்கிவிட்டு, பாதையோரம் உட்கார்ந்து பேசினோம். கூட வந்தவர்களிடம், "ஊர்க்காரங்க" என்றான். அவர்கள் தாண்டிப் போகும்வரை என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு என் காலைப் பிடித்துக்கொண்டான். பேச்சி சொல்லியனுப்பி, மாடசாமி செத்தது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எங்களோட வந்துரு" என்றேன்.

"பத்து மைல்கட்டை தாண்டறதுக்குள்ள பிடிச்சிருவாங்கக்கா. பிடிச்சா நான் யாருன்னு கேப்பாங்க. பேச்சி குடும்பம் என்ன ஆகும்? ஒப்பந்தம் முடியட்டும். முடிஞ்சா மாடசாமியாவே கப்பலேறி வந்துடறேன்."

"அம்மாகிட்ட என்ன சொல்ல?"

"இருக்கேன்னு சொல்லு. வெளியில சொல்லாதேன்னு சொல்லு." புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான். "அக்கா, மாடசாமியோட அம்மா, ஊரிலிருந்து வர்ற ஆள்கள்ட்ட சுக்கும் கருப்பட்டியும் கட்டிக் குடுத்து அனுப்புறா. மாடசாமி யாருன்னு கேட்டு என் கையில குடுப்பாங்க. போன தரம் வந்தவன் சொன்னான், 'வெறும் வயித்துல பச்சைத் தண்ணி குடிக்காதேன்னு ஒங்கம்மா சொல்லச் சொன்னா'ன்னு."

"நீ என்ன பண்ணினே?"

"தின்னேன். பசிச்சுது. தின்னுட்டு எல்லாத்தையும் வாந்தி எடுத்தேன்."

பிள்ளை அவன் தாடியை எட்டிப் பிடித்தது. அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"நம்ம அம்மா அழுது முடிச்சிட்டா. அவன் அம்மா இன்னும் ஆரம்பிக்கவே இல்லைக்கா. நீதான் போய்ச் சொல்லணும். ஆனா அவ சத்தம் போட்டு அழுதுறக் கூடாது. எங்க கங்காணிக்கு ஊர்ல ஆள் பிடிச்சுக் குடுக்கிற மச்சான் இருக்கான்ல, அவன் வீடு அவ வீட்டுக்கு அடுத்த வீடு. மாடசாமி செத்துட்டான்னு அவன் காதுல விழுந்தா, அப்போ இங்க பெரட்டுல மாடசாமின்னு நிக்கிறவன் யாருன்னு மறுகப்பல்லயே கேள்வி வந்துரும்."

கீழே இருந்து யாரோ, "மாடசாமி, ஊர்க்காரங்களோட ஊருக்கே போயிட்டியா?" என்று கூவினான். அவன் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காததும் நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன்.

திரும்பும் கப்பலில் என் வீட்டுக்காரரும் நானும் இதையே பேசினோம். சொல்லாமல் விட்டால் என்ன என்றார் அவர். உயிரோடிருக்கிறவனைக் காப்பாற்றுவதா, செத்தவனுக்காக அவனைக் காட்டிக்கொடுப்பதா என்றார். நான் கொஞ்ச நேரம் அவர் பக்கம், கொஞ்ச நேரம் என் தம்பி பக்கம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, செத்துப்போன பிள்ளைக்கு நான் சுக்கு இடித்துக் கட்டிக்கொண்டிருந்தால், யாராவது வந்து சொல்ல வேண்டும் என்று நினைப்பேனா, வேண்டாம் என்று நினைப்பேனா என்று யோசித்தேன். கரை வந்துவிட்டது.

வீட்டில் அம்மாவிடம் காதோடு சொன்னேன். அவள் கைதட்டிச் சிரித்துவிட்டாள். அவள் வாயைப் பொத்த வேண்டியிருந்தது. அன்று ராத்திரி சோறு தின்றாள்.

இரண்டு நாள் கழித்துப் பிள்ளையோடு கயத்தாற்றுப் பக்கம் மாடசாமியின் ஊருக்குப் போனேன். அவன் அம்மா பனையோலைப் பெட்டி முடைகிறவள். பெட்டி வாங்க வந்தவள் போலப் போய் நின்றேன். பெரிய வயதில்லை, நாற்பத்தைந்து இருக்கும். வலதுகையில் தேள் பச்சை. மகனும் அம்மாவும் ஒரே குறத்தியிடம் குத்திக்கொண்டிருப்பார்கள் போலும்.

"வா தாயி. கைப்புள்ளையோட இந்த வெயில்ல வந்தியே, உள்ள வா" என்று பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தாழ்ந்த சுவருக்கு அந்தப்பக்கம் ஓர் ஆண்குரல் யாரிடமோ இலங்கைப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்தது. அங்கே அரிசி மலிவு, ஆள் வந்தால் மறுநாளே வேலை என்று.

நான் பெட்டியைப் பார்க்கிற மாதிரிக் குனிந்து, அவள் காதுக்குப் பக்கத்தில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பேரையும், பேச்சி கஞ்சி கொடுத்ததையும், கடைசியில் என் தம்பியையும். சத்தம் போடக்கூடாது என்பதைத்தான் கடைசியாகச் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓலையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நின்றுவிட்டன.

சுவருக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் கேட்டது. "யாரு சித்தி வந்திருக்கிறது?"

"பொட்டி வாங்க வந்த புள்ளைய்யா." குரல் ஒரு துளி பிசகவில்லை. பிறகு என்னைப் பார்த்து, தெருவுக்குக் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "புள்ளைக்கு என்ன பேரு தாயி?"

"எஸ்தர்."

"என்ன பேரும்மா அது, வாயில நுழையல. பல்லு மொளைச்சிருச்சா?"

"ரெண்டு பல்லு."

"கடிக்குமா?"

அவள் கண்ணிலிருந்து விழுந்த தண்ணீர் பிள்ளையின் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிடித்திருந்த பிடி இறுகியிருக்க வேண்டும், பிள்ளை வீரிட்டு அழுதது. அதற்கு வலிக்கிறதே என்று பதறி, வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அழட்டும் தாயி" என்றாள். "கொஞ்சம் அழட்டும்."

பிள்ளையை முகத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளை மூச்சு அடங்க அடங்க மறுபடி கத்தியது. நான் அமர்த்தவில்லை. அந்தச் சத்தத்துக்குள்ளே அவள் தன் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது எனக்கு மட்டும் கேட்டது.